அச்சகத்து அண்ணாச்சி

நேயர்களுக்கு வணக்கம். கூட வேலை பார்த்த ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலியில் கேட்டதுமே எனக்கு அண்ணாச்சி முகம்தான் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் நான் அச்சுக் கோர்க்கப் பழகப் போனபோது அங்கே மூத்த கம்பாசிட்டர் அவர். நாங்கள் யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அண்ணாச்சிதான்.

அந்த வேலையைக் கொஞ்சம் விளக்கினால்தான் அவருடைய அருமை தெரியும். ஈயம், ஆண்டிமணி, வெள்ளீயம் கலந்து வார்த்த எழுத்துகள் மரக் கேஸில் அறை அறையாகக் கிடக்கும். தமிழுக்கு அறைகள் அதிகம், ஏனென்றால் கி, கீ, கு, கூ என்று வரிசை வரிசையாக ஒவ்வொன்றும் தனி அச்சு, புள்ளி வைத்த மெய் தனி, கால் தனி, கொம்பு தனி. இடது கையில் ஸ்டிக்கை, அதாவது எழுத்துகளை வரியாக அடுக்கும் சின்னத் தட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்க வேண்டும், அதுவும் தலைகீழாக. அண்ணாச்சியின் கண் எழுதிக் கொடுத்த தாளை விட்டு அகலாது, கை தானாக அறைக்குப் போய் வரும்.

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்துவிட்டது. லை, னை போன்ற எழுத்துகளுக்கு முன்னால் இருந்த, யானைத் துதிக்கை போன்ற வளைவும், றா, னா போன்றவற்றின் பழைய சுழியும் பாடப்புத்தகங்களை விட்டுப் போய்விட்டன. ஆனால் சின்ன அச்சகங்களில் பழைய எழுத்துகளை ஒரே நாளில் தூக்கிப் போட முடியுமா? எங்களிடம் இரண்டும் இருந்தன. கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ் அடிக்க வரும் பெரியவர்கள் பழையதைக் கேட்பார்கள், பள்ளிக்கூட வேலைக்குப் புதியது. எதைக் கோர்த்தாலும் ஒரே நோட்டீஸில் இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதில் அண்ணாச்சி அவ்வளவு கறார்.

தை, ஆவணி வந்தால் கல்யாணப் பத்திரிகை குவியும், 'ம்' தீர்ந்துபோகும். அப்போது வேறொரு எழுத்தை அடிப்பக்கம் மேலே வரும்படி அந்த இடத்தில் குத்தி வைப்பார், புரூஃபில், அதாவது பிழை பார்க்க எடுக்கும் முதல் அச்சில், அது கறுப்பாகத் தெரியும். முந்தைய வேலைக்குக் கோர்த்து வைத்திருந்த பாரத்தை மண்ணெண்ணெயில் கழுவிப் பிரித்ததும் சரியான எழுத்தை எடுத்து மாற்றுவார். சாப்பிடப் போகும்போது சோப்புப் போட்டுக் கை கழுவினோமா என்று வாசலில் நின்று பார்ப்பார், ஈயம் உடம்புக்கு ஆகாது என்று எங்களுக்குச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

நான் அவரை மதிப்பதற்கு முக்கியமான காரணம் வேறு. பத்திரிகை அடிக்க வருகிறவரை உட்கார வைத்து, புரூஃபைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். பெயர்கள் வரும் இடத்தில் நிறுத்தி, "தாய்மாமன் எத்தனை பேரு? எல்லாரும் வந்துட்டாங்களா? மூத்த அத்தை வீட்டுக்காரர் பேரு எங்க?" என்று கேட்பார். விட்டுப்போன ஒரு பெயரால் கல்யாண வீட்டில் என்ன நடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்! துஷ்டி நோட்டீஸ், அதாவது இறப்புச் செய்தி என்றால் கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்பார். இரவு எந்நேரம் வந்தாலும் கோர்த்துக் கொடுப்பார், அவசரம் என்பதற்காக அந்த வாசிப்பை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. புரூஃப் பார்ப்பது என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய பாடம்.

அப்புறம் ஆஃப்செட் வந்தது, கணினி வந்தது, ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். அண்ணாச்சி கணினி பழகவில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் கணினியில் அச்சுக் கோர்க்கும் டிடிபி சென்டர் பையன்கள் அவரை விடவில்லை, புரூஃப் பார்க்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். 'ர' இருக்க வேண்டிய இடத்தில் கால் விழுந்திருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது, அவர் கண்ணுக்குத் தப்பாது. அங்கேயும் அதே கேள்விதான்: "தாய்மாமன் எல்லாரும் வந்துட்டாங்களா?"