புதுசு வந்துட்டா பழசு செல்லாதா? ஆய்வு நூல்கள் பத்தி ஒரு சந்தேகம்

வணக்கம். நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வியை அப்படியே படிக்கிறேன். "வரலாறு, சமூகவியல், உயிரியல், இயற்பியல்னு எல்லாத் துறையிலும் வருஷா வருஷம் புது ஆய்வு நூல்கள் வந்துட்டே இருக்கு. நான் ஆய்வாளர் இல்லை, ஆர்வத்துல படிக்கிறவன். எதை நம்பி எடுக்கிறது? புதுசு ஒண்ணு வந்துட்டா பழசு செல்லாதுன்னு அர்த்தமா?"

முதல் பாதிக்கு எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லிடறேன். ரெண்டாவது பாதிதான் என்னை விடவே மாட்டேங்குது. கேள்வி வந்ததுல இருந்து அதையேதான் யோசிச்சிட்டு இருக்கேன்.

எதை நம்பி எடுக்கிறது? யார் பதிப்பிச்சிருக்காங்கன்னு பாருங்க. நல்ல பல்கலைக்கழகப் பதிப்பகத்துல, ஒரு நூலைப் போடலாமா வேண்டாமான்னு பதிப்பாசிரியர் மட்டும் முடிவு பண்றதில்லை. அந்தத் துறை தெரிஞ்ச வெளியாட்கள் ரெண்டு பேராவது படிச்சு அறிக்கை எழுதுவாங்க. பெரும்பாலும் அது யாருன்னு நூலாசிரியருக்கே தெரியாது. அவங்க சொல்ற குறைக்கெல்லாம் ஆசிரியர் எழுத்துல பதில் சொல்லணும். அதுக்கப்புறம் பேராசிரியர்கள் இருக்கிற ஒரு குழு ஒப்புக்கணும். அந்தக் குழுவுல இருக்கிறவங்களை ஆக்ஸ்ஃபோர்டுல டெலிகேட்ஸ்னு சொல்வாங்க, கேம்பிரிட்ஜ்ல சிண்டிக்ஸ்னு சொல்வாங்க.

இன்னொரு பக்கம், முனைவர் பட்ட ஆய்வேட்டை அப்படியே வாங்கி, யாரும் ஒரு வரி படிக்காம அட்டை போட்டு விக்கிற பதிப்பகங்களும் இருக்கு. அட்டையைப் பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆனா ஒண்ணு சொல்றேன். வெளியாட்கள் படிச்சு ஒப்புதல் கொடுத்துட்டாங்கன்னா அதுல இருக்கிறதெல்லாம் உண்மைன்னு ஆகிடாது. இந்த வாதம் சபையில வைக்கத் தகுந்தது, இதுக்குப் பதில் சொல்லலாம், அவ்வளவுதான் அதோட பொருள். மிச்சத்தை நாமதான் பார்க்கணும். அதுக்கு நான் எப்பவும் சொல்றது, தொடர்ந்து கேட்கிறவங்க இதுக்குள்ள முணுமுணுக்க ஆரம்பிச்சிருப்பீங்க, ஆமாம், புத்தகத்தைப் பின்னால இருந்து திறங்க! முன்னுரையை அப்புறம் படிச்சுக்கலாம். முதல்ல துணைநூற்பட்டியல், அதாவது ஆசிரியர் ஆதாரமா எடுத்துக்கிட்ட நூல்களோட பட்டியல். அடுத்து சொல்லடைவு, எந்தச் சொல் எந்தப் பக்கத்துல வருதுன்னு சொல்ற இண்டெக்ஸ்.

துணைநூற்பட்டியல்ல வருஷத்தை மட்டும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்க. புத்தகம் போன வருஷம் வந்திருக்கு, பட்டியல்ல கடைசி பத்து வருஷத்து ஆய்வே இல்லைன்னா, எப்பவோ எழுதி வெச்சதை இப்பதான் அச்சுக்குக் கொடுத்திருக்காங்கன்னு சந்தேகப்படலாம். ஒரு நாட்டோட வரலாறு எழுதிட்டு, அந்த நாட்டு மொழியில ஒரு ஆதாரம்கூடப் பட்டியல்ல இல்லைன்னாலும் யோசிக்கணும். தன்னை மறுக்கிறவங்க பேரு அதுல இருக்கான்னும் பாருங்க. அதைத்தான் நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன்.

சொல்லடைவு பத்தி ஒரு விஷயம். எனக்குத் தெரிஞ்ச ஆய்வு மாணவி ஒருத்தங்க, தொழிலாளர் வரலாறு பத்தின ஒரு தடிமனான நூலை எடுத்தாங்க. சொல்லடைவுல 'கூலி'க்கு நேரா பக்க எண்கள் வரிசையா போகுது, 'வேலைநிறுத்தம்' அதைவிட நீளம். 'பெண்கள்'னு தேடினா ஒரே ஒரு எண். அந்தப் பக்கத்தைப் புரட்டினா, பெண்களும் ஆலையில வேலை பார்த்தாங்கன்னு ஒரு வாக்கியம், அவ்வளவுதான். எந்தப் பெண்கள், என்ன கூலி, யார் கணக்கெடுத்தாங்கன்னு அங்கே பிடிச்சுக்கிட்டவங்கதான், அதையே தன் ஆய்வுக்குத் தலைப்பா எடுத்துக்கிட்டாங்க. அந்தப் புத்தகம் மோசமில்லை, நல்ல புத்தகம்தான். எங்கே நின்னுபோச்சுன்னு சொல்லடைவு காட்டிக் கொடுத்துடுச்சு.

இப்ப ரெண்டாவது பாதிக்கு வர்றேன். புதுசு வந்துட்டா பழசு செல்லாதா?

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல பஞ்சங்கள் பத்தி எழுதின நூலை எடுத்துக்கங்க. அதுவரைக்கும் பஞ்சம்னா உணவு குறைஞ்சுபோறதுதான்னு ஒரு எண்ணம் வலுவா இருந்தது. அவர் 1943 வங்கப் பஞ்சத்தோட கணக்கை எடுத்தார். அந்த வருஷம் கையில இருந்த அரிசி, முந்தின அஞ்சு வருஷ சராசரியைவிட சுமார் 5 சதவீதம்தான் குறைவு. 1941-ஐப் பார்த்தா 13 சதவீதம் அதிகம்! 1941-ல பஞ்சம் இல்லையே? அப்போ அரிசி இருந்துச்சா இல்லையாங்கிறது மட்டும் கேள்வி இல்லை, அது யார் கைக்குக் கிடைச்சதுங்கிறதுதான் கேள்வின்னு திருப்பினார். விவசாயக் கூலி, மீனவர், அவங்க வருமானத்துக்கு எவ்வளவு அரிசி வரும்னு பார்த்தார். பின்னால வந்த ஆய்வாளர்கள் சிலர், அந்த விளைச்சல் கணக்கையே நம்ப முடியாது, பயிர்ல நோய் விழுந்து உண்மையிலேயே பெரிய பற்றாக்குறை இருந்ததுன்னு மறுத்தாங்க. வாதம் இன்னும் முடியலை. இப்ப பஞ்சம் பத்தி ஒரு புது நூல் வந்தா, அமர்த்தியா சென் சொன்னதை ஒதுக்கிட்டு அதை எழுத முடியுமா? முடியாது. அவரை ஏத்துக்கணும், இல்லாட்டி எதிர்த்து நிக்கணும். அப்படி இருக்கிற வரைக்கும் அந்தப் பழைய நூல் உயிரோடதான் இருக்கு.

இயற்கை அறிவியல்ல நிலைமை வேற. அங்கே புதுக் கண்டுபிடிப்பு ஆய்விதழ்ல சில பக்கக் கட்டுரையா வந்துடும், நூல் பெரும்பாலும் அதையெல்லாம் தொகுத்துச் சொல்ல வர்றது. அதனால பதிப்பு எண்ணைப் பார்க்கணும். கண்டங்கள் நகருதுன்னு சொன்ன ஆல்ஃபிரட் வேகனர் ஒரு வானிலை அறிஞர். நூல் 1915-ல வந்தது. 1920, 1922, 1929-னு மூணு தடவை திருத்தி எழுதினார். நிலவியல், புதைபடிவங்கள், பழங்காலத் தட்பவெப்பம்னு எல்லாத் துறைச் சான்றையும் ஒண்ணா வெச்சார். எது நகர்த்துதுன்னு அவர் சொன்ன விசைகள் ரொம்பப் பலவீனம், அதுல அவரை மறுத்தவங்க சொன்னது சரி. கிரீன்லாந்து வருஷத்துக்குப் பல மீட்டர் நகருதுன்னு கணிச்சார். உண்மையில கண்டங்கள் நகர்றது சில சென்டிமீட்டர்தான். 1930-ல கிரீன்லாந்துப் பனியிலயே இறந்துபோனார். கடலடித் தரை விரியுதுங்கிற சான்று 1960-கள்ல வந்த பிறகுதான் துறை அவர் பக்கம் திரும்பிச்சு. அவர் எண்களை இன்னிக்கு யாரும் எடுத்துக்க மாட்டாங்க. ஆனா துறை துறையா சிதறிக் கிடந்த சான்றை ஒரே கேள்விக்கு எப்படித் திரட்டுறதுன்னு கத்துக்க, 1929 பதிப்பை நான் இன்னும் சிபாரிசு பண்ணுவேன்.

அதனால, புதுசா பழசாங்கிறதைவிட, இந்தப் புத்தகம் யாரோட வாதாடுதுன்னு நீங்க கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும். அது தெரிஞ்சா எதிராளியோட நூலும் சேர்ந்து கிடைச்சிடும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. பட்டம் வாங்காதவங்களுக்கும் வாசல் திறக்கிறது அந்த இடத்துலதான்.

வாங்கணும்னு அவசியமும் இல்லை. டைரக்டரி ஆஃப் ஓப்பன் ஆக்சஸ் புக்ஸ்னு இணையத்துல ஒரு நூல் பட்டியல் 2012-ல இருந்து இருக்கு, மதிப்பீடு செஞ்ச ஆய்வு நூல்களைச் சட்டப்படியே இலவசமா படிக்கலாம். பிரிட்டன்ல யூகேஆர்ஐங்கிற அரசு ஆய்வு நிதி அமைப்போட பணத்துல எழுதின நூல்கள், 2024 ஜனவரி 1-ல இருந்து வெளியானா, 12 மாசத்துக்குள்ள எல்லாரும் இலவசமா படிக்கிற மாதிரி திறந்து விடணும்னு விதி இருக்கு, சில விலக்குகளோட. மதிப்புரைக்கும் பொறுத்திருங்க. வரலாறு, சமூகவியல் ஆய்விதழ்கள்ல மதிப்புரை வர ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகும். வந்த வாரத்துலயே நாளிதழ்ல வர்ற பாராட்டைவிட, தாமதமா வர்ற ஒரு மறுப்பு உங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும். அதைத் தேடிப் படிச்சிட்டு, அப்புறம் புத்தகத்தைத் தொடங்கினாலும் தப்பே இல்லை.