தண்டவாளம் போன பாதையில் தண்ணீர்த் தொட்டியைத் தேடுவது எப்படி?

[காட்சி: கொலராடோ மலைச்சரிவு. மரங்களுக்கு நடுவே சமதளமாக ஒரு தடம்.]

வணக்கம். திரையில் தெரிவது ரியோ கிராண்ட் சதர்ன் ரயில் ஓடிய தடம். ரிட்ஜ்வேயிலிருந்து டுராங்கோ வரை 162 மைல். ஓட்டோ மியர்ஸ் 1890-91-ல் போட்ட பாதை. தண்டவாளங்களுக்கு இடையே வெறும் 3 அடி. வெள்ளிச் சுரங்கங்களை நம்பிப் போட்டார், 1893-லேயே வெள்ளி விலை விழுந்தது. அப்புறமும் எப்படியோ தாக்குப்பிடித்து 1951 வரை ஓடியது. பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். வழியில் இருந்த கட்டடங்களில் பெரும்பாலானவை மரத்தால் ஆனவை, அவையும் போய்விட்டன. அவை நின்ற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

உடனே மலைக்குக் கிளம்ப வேண்டாம். முதலில் காகிதம். 1913-ல் வந்த மதிப்பீட்டுச் சட்டத்தால், அதாவது ரயில் சொத்துகளின் மதிப்பைக் கணக்கிடும் சட்டத்தால், அமெரிக்க ரயில் கம்பெனிகள் தங்கள் பாதைகளை அடி அடியாக அளந்து அரசுக்கு வரைபடம் கொடுக்க வேண்டியிருந்தது. தொலைந்த கட்டடத்தைத் தேடுபவருக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது என்பேன்.

[காட்சி: வரைபடத்தின் நெருக்கக் காட்சி. கோட்டின் மேல் எண்கள்.]

அதில் தொலைவை 100 அடிக் கணக்கில் குறித்திருப்பார்கள். உதாரணத்துக்கு, நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்பிய தொட்டி 1240+50 என்ற எண்ணில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கப் புள்ளியிலிருந்து 1,240 நூறடிகள், அதோடு 50 அடி, ஆக 1,24,050 அடி என்று அர்த்தம். அவ்வளவு தூரம் யார் அளப்பது? வேண்டியதில்லை. பக்கத்தில் இன்னும் அழியாத ஒன்றைப் பிடியுங்கள். 1228+00-ல் ஒரு கல் சிறுபாலம் இருந்தால், அங்கிருந்து 1,250 அடி, அதாவது 381 மீட்டர். பழைய தடத்தின் வளைவிலேயே அளக்க வேண்டும். குறுக்கே நேர்கோடு போட்டால் இடம் தப்பிவிடும்.

ஊருக்குள் இருந்த கட்டடம் என்றால் சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடம் உதவும். அதில் மஞ்சள் மரக்கட்டடம், இளஞ்சிவப்பு செங்கல். காட்டுக்குள் அது பயன்படாது.

காட்டுக்கு லிடார். விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுத்த நில அளவு. கணினிப் படத்தில் மரங்களை நீக்கிவிட்டு வெறும் தரையைப் பார்க்கலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் இலவசமாகவே தருகிறது. எஞ்சினைத் திருப்பிய சுழல்மேடையின் குழி அதில் வட்டமாகத் தெரியும்.

[காட்சி: தரை. கருப்புச் சாம்பல் கட்டிகள், துருப்பிடித்த இரும்பு வளையம்.]

சரி, இப்போது களம். தரையோடு குனிந்து பாருங்கள். தொட்டியின் மரப்பலகைகளை இறுக்கிப் பிடித்த இரும்பு வளையம் கிடக்கலாம். மேட்டுப் பக்கம் ஓடையையோ ஊற்றையோ தேடுங்கள், அங்கிருந்து குழாய் இறங்கியிருக்கும். எஞ்சின் சாம்பலைக் கொட்டிய இடத்தில் மண் கருப்பாக இருக்கும். கிளம்பும் முன் இதே பாதையில் உள்ள டிரௌட் ஏரிக்கரையில் இன்றும் நிற்கும் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள். எதைத் தேடுகிறோம் என்று கண்ணுக்குப் பிடிபடும்.

கிடைத்ததைப் படம் எடுங்கள், ஜிபிஎஸ் குறியுங்கள், பொருளை மட்டும் தொடாதீர்கள். ஓர் ஆணியை எடுத்தாலும் அடுத்து வருபவருக்கு ஒரு தடயம் குறைகிறது. தனியார் நிலம் என்றால் முதலில் அனுமதி கேளுங்கள்.