எஃப்/16-க்குத் தமிழில் பெயர் உண்டு: கேமராப் பாடநூலும் கொள்ளுத்தாத்தாவின் வாய்பாடும்

(காட்சி: லென்ஸின் துளை மெல்லத் திறந்து மூடுகிறது.)

கேமராவில் எஃப் எண்ணை 2 என்று வைத்தால் லென்ஸின் துளை பெரிதாகிறது. 16 என்று வைத்தால் சிறிதாகிறது. இந்தத் தலைகீழ்க் கணக்கைக் கண்டு மிரண்டு புகைப்படப் பாடநூலை மூடி வைத்தவர்கள் நம்மில் ஏராளம். ஆனால் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்த உங்கள் கொள்ளுத்தாத்தாவிடம் இதைக் காட்டியிருந்தால், ஒரே சொல்லில் புரிந்துகொண்டிருப்பார். அந்தச் சொல் என்ன என்பதை இன்னும் ஒரு நிமிடத்தில் சொல்கிறேன். அதுவரை விரலைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

(காட்சி: கேத்தி பள்ளத்தாக்கு, காலை வெயில்.)

வணக்கம். நீலகிரியில் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே, கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறேன். புகைப்பட நுட்பத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான மலை இல்லை. 1960-இல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உதகையில்தான் இருந்தது. ‘இந்து’ என்ற பெயர் கொண்ட கறுப்பு வெள்ளை ஃபிலிம் இங்கிருந்துதான் வெளியூர்களுக்குச் சென்றது. இன்று அந்த ஆலை இயங்கவில்லை. வரலாறு இவ்வளவு போதும், புத்தகத்துக்கு வருவோம்.

என் கையில் இருப்பது ஃபிலிம் காலத்துப் பாடநூல். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த நிலையில் கிடைத்தது. முதல் அத்தியாயம் ஒளியின் பண்புகள், இரண்டாவது குவிவில்லை, மூன்றாவது முழுவதும் கதிர்ப்படங்கள். எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும், இந்த வரிசையே தவறு என்பது என் கருத்து. பத்தாம் வகுப்பு இயற்பியலில் பட்ட அடி ஆறாத ஒருவர் மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்டமாட்டார். நான் துளையைப் பற்றிய நான்காவது அத்தியாயத்தில் தொடங்கி, தேவைப்பட்டபோது மட்டும் பின்னால் புரட்டினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

(காட்சி: திரையில் ‘எஃப்/2’ என்ற எழுத்து, நடுவிலுள்ள சாய்கோடு மட்டும் ஒளிர்கிறது.)

இப்போது அந்தச் சாய்கோட்டைப் பாருங்கள். நாம் அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அது வகுத்தல் குறி. எஃப் என்பது லென்ஸின் குவியத் தொலைவு, அதாவது லென்ஸிலிருந்து தொலைதூர ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம். அதை இரண்டால் வகுத்தால் கிடைப்பதுதான் துளையின் விட்டம். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/2 என்றால் 25 மில்லிமீட்டர், எஃப்/16 என்றால் 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதாவது, இவை எண்களே அல்ல, பின்னங்கள். பின்னங்களுக்குப் பெயர் வைப்பதில் தமிழரை விஞ்ச ஆளில்லை என்று கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன்.

எஃப்/2 அரை. எஃப்/4 கால். எஃப்/8 அரைக்கால். எஃப்/16 வீசம்.

வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. சில ஊர்களில் மாகாணி என்பார்கள். அரை பெரியதா, வீசம் பெரியதா என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் தடுமாறாது. ‘சிறிய எண், பெரிய துளை’ என்று மனப்பாடம் செய்த எனக்கு இது தெரிந்த நாளில் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. இதோடு முடியவில்லை. விலையுயர்ந்த லென்ஸ்களில் வரும் எஃப்/1.4 முக்காலுக்குச் சற்றுக் குறைவு. பெரிய ஃபிலிம் தாள் போடும் கேமராக்களில் வரும் எஃப்/32 அரைவீசம். 1932-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலான புகைப்படக் கலைஞர்கள், சிறிய துளையால் முன்னும் பின்னும் துல்லியமாகத் தெரியும் படங்களே சிறந்தவை என்று கூடி, தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்று பெயரிட்டார்கள். நம் கணக்கில் அது ‘கால்வீசம் குழு’. இன்னும் கீழே இறங்கினால் முந்திரி, 320-இல் ஒரு பங்கு. அந்த அளவுக்குத் துளை சிறுத்தால் லென்ஸே வேண்டாம், அது ஊசித்துளைக் கேமரா. உங்கள் வீட்டில் பழைய வாய்பாடு சொல்லத் தெரிந்த பெரியவர் யாரேனும் இருந்தால், அவரைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து, பின்னூட்டத்தில் தெரிவியுங்கள்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. அரையிலிருந்து காலுக்குப் போனால் விட்டம் பாதியாகிறது. ஆனால் ஒளி பாதியாவதில்லை, நான்கில் ஒன்றாகிறது. ஏன் என்பதற்குத் தோசைக்கல்லே சாட்சி. பத்து அங்குலத் தோசைக்கு ஒரு கரண்டி மாவு என்றால், அதே கனத்தில் இருபது அங்குலத் தோசைக்கு நான்கு கரண்டி வேண்டும். சரியாக இரண்டு கரண்டி ஊற்றினால் ஏறத்தாழ பதினான்கு அங்குலம் வரும். அந்தப் பதினான்கு அங்குலத் தோசைதான் 2-க்கும் 4-க்கும் இடையே உட்கார்ந்திருக்கும் 2.8. நடுவே இப்படி ஒவ்வொன்று வருவதால்தான் 2, 2.8, 4, 5.6, 8 என்று வரிசை விநோதமாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகிறது. ஒளி விழும் நேரத்தைக் குறிக்கும் ஷட்டரும், ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வும் நேரடியான இரட்டிப்புக் கணக்குகள் என்பதால் அந்த அத்தியாயங்களை ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

(காட்சி: பள்ளத்தாக்கின் விளிம்பில் வெண்மை ஏறுகிறது.)

பாடநூலை மலை சோதிக்கும் நேரம் வந்துவிட்டது. மூடுபனியைப் படமெடுத்து, வீட்டில் பார்த்தால் அழுக்கு வேட்டி போல இருக்கிறதே என்று நொந்துகொள்ளாதவர் இங்கே இல்லை. கேமரா கெட்டுவிடவில்லை. தன் முன்னால் இருப்பது எதுவானாலும், சராசரியில் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கேமராவில் ஒளியை அளக்கும் ஒளிமானி நம்புகிறது. பாடநூல் இதற்கு 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையை அளவாகக் காட்டுகிறது. பனியின் வெண்மையைக் கண்டதும், ஒளி அளவுக்கு மீறிவிட்டது என்று அது தானாகக் குறைத்துவிடுகிறது. ஆகவே நாம் ஒளியை ஒரு படி, சில நேரம் ஒன்றரைப் படி, கூட்ட வேண்டும். மழைக்கு விரித்த கறுப்புக் குடை படம் முழுவதையும் நிறைத்தால் இதற்கு நேர்மாறாக, குடை வெளுத்துவிடும். அங்கே குறைக்க வேண்டும். இந்த ஒரு பக்கத்துக்காகவே அந்த நூலுக்குக் கொடுத்த பணம் தகும்.

பனியை, லென்ஸின் முன் மாட்டும் வண்ண வடிகட்டிகளால் ஊடுருவலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு வடிகட்டி தொலைதூர மலைகளின் நீல மங்கலைக் குறைக்கும். ஏனெனில், காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் சிதறடிக்கின்றன. மூடுபனியின் நீர்த்துளிகளோ அவற்றைவிடப் பன்மடங்கு பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. அதனால்தான் பனி வெள்ளையாக இருக்கிறது.

(காட்சி: பள்ளத்தாக்கு மறைந்துவிட்டது. இரண்டு படங்கள் அருகருகே.)

கேத்தி முழுவதும் இப்போது மூடிவிட்டது. இரண்டு படங்களுக்கும் துளை அரைக்கால்தான். இடப்பக்கம் உள்ளது கேமராவின் கணக்கை அப்படியே ஏற்று எடுத்தது. வலப்பக்கம் உள்ளது ஒரு படி கூட்டி எடுத்தது. தேயிலைச் சரிவில் நிற்கும் அந்தச் சில்வர் ஓக் மரத்தின் பின்னால் பனி வெள்ளையாகவே இருக்கிறது.