பட்டாளத்துப் பணமும் ஆத்தங்குடிக் கல்லும்

நேயர்களுக்கு வணக்கம்.

ராணுவத்துக்குச் செலவிடும் பணம் ஒரு வட்டாரத்துக்கு எப்படிப் பயன்படும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக உட்கார்ந்து வயதானவன். பணம் எந்த வாசல் வழியாக வருகிறது, எந்த வாசல் வழியாகப் போகிறது என்று கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல முடியும்.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளை அண்டா உண்டு. அதற்குப் பெயர் ஏரோப்பிளான் அண்டா. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. செட்டிநாடு ஊர்ப் பக்கம், பொட்டல் காட்டில் ஒரு பழைய விமான ஓடுபாதை கிடப்பதைக் கானாடுகாத்தான் போகிறவர்கள் அறிந்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை அது. அந்த வேலைக்குச் சரளை அடிக்க எங்கள் தாத்தா வண்டி கட்டிக்கொண்டு போனார். அதுவரை அவர் பார்த்த கூலியெல்லாம் நெல், கேழ்வரகு, சில நாள் ஒரு வேளைச் சோறு. இங்கே சனிக்கிழமை தோறும் கையில் காசு. அப்பத்தா இதைச் சொல்லும்போது உள்ளங்கையை விரித்துக் காட்டுவார், காசு இன்னும் அங்கே இருப்பதைப் போல. அந்தக் காசில் வாங்கியதுதான் அண்டா. ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வெந்நீர் போட இரவல் கேட்டு வருவார்கள்.

அதே போர்தான், கவனியுங்கள், அதே போர்தான் பெரிய வீட்டுச் செட்டியார்களின் பர்மாப் பணத்தையும் கொண்டுபோனது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வட்டிக்கடை வைத்திருந்தவர்கள் பேரேட்டையும் விளைநிலத்தையும் விட்டுவிட்டு வந்தார்கள். காடும் மலையும் நடந்தே கடந்தவர்கள் பலர். தேக்குத் தூண் வீட்டில் உலை கொதிக்கத் தயங்கிய நாட்களில் வண்டிக்காரர் வீட்டில் புது அண்டா. ஆகவே போரைப் புகழ நான் இங்கே வரவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சை யாரும் எளிதில் எடுக்க மாட்டார்கள்.

சரி, அண்டாவுக்கு வருகிறேன். போர் முடிந்தது, சனிக்கிழமைக் காசும் நின்றது. மறுவருடமே மாட்டில் ஒன்றை விற்றார்கள். ஓடுபாதையில் புல் முளைத்து ஆடு மேய்ந்தது. ஒரே மழையாகக் கொட்டிய பணம் அது. ஊருணி வெட்டியவர்கள் நாம், நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் இல்லாத ஊருணி ஒரு கோடைக்குத் தாங்காது.

வரத்துக்கால் போல மாதாமாதம் வருகிற ராணுவப் பணம் ஒன்று இருக்கிறது. சம்பளம், ஓய்வூதியம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. நான்கு ரூபாயில் ஏறக்குறைய ஒரு ரூபாய் பீரங்கிக்குப் போகவில்லை, பட்டாளத்துக்காரர் வீட்டு அடுப்படிக்குப் போகிறது. நம் சிவகங்கைச் சீமைக் கிராமங்களில் அந்த அடுப்படிகள் நிறைய.

ஆனால் பணம் வந்தால் போதுமா? எத்தனை கை மாறுகிறது என்பதுதான் கணக்கு. திரும்பவும் சொல்கிறேன், எவ்வளவு வந்தது என்பதல்ல, ஊரை விட்டுப் போவதற்குள் எத்தனை கை மாறியது என்பது.

2022க்கு முன் சிப்பாயாகச் சேர்ந்தவர் நாற்பது வயதுக்கு முன்னும் பின்னுமாக ஊர் திரும்பிவிடுவார். பணிக்கொடை வரும், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிற கம்யூட்டேஷன் என்று மொத்தமாக ஒரு தொகையும் வரும். முதல் வேலை வீடு கட்டுவது. என்னிடம் கணக்கு வைத்திருந்த இரண்டு பேர் ஒரே வருடத்தில் வீடு கட்டினார்கள். ஒருவர் தரைக்கு குஜராத்தின் மோர்பியில் இருந்து வரும் பளபளப்பு டைல்ஸ் வாங்கினார். நான் வரைவோலை எழுதினேன், அந்தப் பணம் அன்றைக்கே ஊரை விட்டுப் போய்விட்டது. இன்னொருவர் நம் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்கிற ஆத்தங்குடிக் கல் போட்டார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் சாயத்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல். சூளை கிடையாது. சிமெண்டும் சாயப்பொடியும் வெளியூர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூலி உள்ளூர். அடுத்த வாரம் அந்தக் கல் பட்டறைக்காரரே வந்து என் கவுண்டரில் பணம் கட்டினார். ஆட்களுக்குக் கூலி கொடுத்தது போக மீதி என்றார். கூலி வாங்கியவர் மளிகைக் கடைக்குப் போயிருப்பார். மளிகைக் கடைக்காரர் மறுநாள் காலை என் முன்னால் நிற்பார். ஒரே தரை, ஒரே பட்டாளத்துப் பணம். ஒன்று ஒரு கையோடு போனது, ஒன்று நான்கைந்து கை சுற்றியது.

பட்டாளத்துக்காரர்களுக்குச் சலுகை விலையில் சாமான் விற்கிற ராணுவக் கேன்டீனும் இப்படித்தான். வாங்குகிறவருக்கு லாபம், பக்கத்து மளிகைக் கடைக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் வாங்காதீர்கள் என்று நான் சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. எங்கள் வீட்டுக் குக்கரே ஒரு சுபேதார் நண்பர் வழியாக வந்ததுதான்.

அடுத்து தொழில். ராணுவத் தளவாடம் செய்யும் தொழில்களை வளர்க்க, 2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் திருச்சியில் தொடங்கினார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து ஊர்கள். காரைக்குடி இல்லை. திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை 1960களில் இருந்தே இருக்கிறது, நமக்கு இரண்டு மணி நேர பஸ் தூரம். இப்படிப்பட்ட ஆலைகளுக்கு வேண்டிய சில்லறை உதிரிப் பாகங்களை வெளிப் பட்டறைகள் கடைந்து கொடுக்கலாம். இதில் உள்ள சிக்கல் லேத்தில் இல்லை, பில்லில் இருக்கிறது. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 45 நாள் கழிந்தும் பில்லுக்குப் பணம் வராமல், மனைவியின் வளையலைத் தாளில் பொதிந்து நகைக்கடன் கவுண்டருக்குக் கொண்டுவந்த பட்டறைக்காரரை நான் பார்த்திருக்கிறேன். எடை போட்டவனும் நான்தான்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்து சைகை காட்டுகிறார்கள். அண்டாவுக்கே பாதி நேரம் போய்விட்டது. கடைசியாகச் சொல்ல வைத்திருந்தது நம் ஊர் மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். மின்கலமும் துருத் தடுப்பும் அவர்கள் வேலை. கப்பலும் நீர்மூழ்கியும் வைத்திருக்கிற கடற்படைக்கு இந்த இரண்டும் எவ்வளவு தேவை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே கண்டுபிடிப்பதை இங்கேயே செய்து விற்க நம் பிள்ளைகளுக்கு யார் கடன் கொடுப்பது என்று மூன்று பக்கம் எழுதி வந்திருக்கிறேன். தாள் கையிலேயே இருக்கிறது. நன்றி, வணக்கம்.