புகை விட்டால் வட்டி கூடுமா?

"ஒரு நாடு கார்பனை அதிகமாக வெளியிட்டால், அந்த அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் வட்டியைக் கூட்டுவார்களா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக இதே யோசனைதான் எனக்கு.

கூட்ட வாய்ப்பு உண்டு. அரசு கடன் வாங்கும்போது எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரத்தை, 'உன் பத்திரமே வேண்டாம்' என்று விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆல்பர்ட்டா என்ற கனடா மாகாணம், குயின்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியா என்ற இரண்டு ஆஸ்திரேலிய மாநிலங்கள், இவற்றின் பத்திரங்களை விற்றுவிட்டதாக சுவீடனின் மத்திய வங்கி 2019 நவம்பரில் சொன்னது. கார்பன் வெளியேற்றம் அதிகம் என்பதுதான் காரணம்.

நான் அடிக்கடி சொல்லும் கிணற்றுக் கதைதான் இது. கடன் கேட்டு வந்தவரின் கிணற்றை எட்டிப் பார்த்த பிறகுதான் என் தாத்தா மடியை அவிழ்ப்பார். ஆல்பர்ட்டாவுக்கு இருப்பது எண்ணெய்க் கிணறு. உலகம் பெட்ரோலைக் குறைத்தால் அரசின் வருமானம் வற்றும். கடன் அப்படியே நிற்கும்.

உருகுவே 2022 அக்டோபரில் இதைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டது. வெளியேற்ற இலக்கைத் தவறவிட்டால் வட்டி 0.15 சதவீதம் கூடும்; இலக்கைத் தாண்டி நன்றாகச் செய்தால் அதே அளவு குறையும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

சரி, புகையே விடாத நாட்டுக்கு என்ன ஆகும்? நேயர் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கரீபியனில் கிரெனடா என்று ஒரு குட்டித் தீவு நாடு. கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கும். 2004 இல் ஐவன் சூறாவளி அடித்தது. சேதம் நாட்டின் ஒரு வருட உற்பத்தியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜாதிக்காய் மரங்கள் பெரும்பாலும் சாய்ந்துவிட்டன. புதிதாக நட்டால் காய்க்க ஏழெட்டு வருடம் ஆகுமே, அதுவரை வருமானத்துக்கு எங்கே போவது? கடன் தவணையை 2005 இல் மாற்றி எழுதினார்கள். 2013 இல் மறுபடியும் கட்ட முடியவில்லை. கடல் சூடாக ஆக சூறாவளியின் பலம் கூடுகிறது. அந்தச் சூட்டுக்குக் கிரெனடாவின் பங்கு கடுகளவுகூட இல்லை. அடுத்தவர் விட்ட புகைக்கு இவர்கள் கிணறு தூர்ந்துபோகிறது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் 2015 இல் புதுப் பத்திரத்தில் ஒரு விதி சேர்த்தார்கள்: பெரிய சூறாவளி வந்தால் தவணையைத் தள்ளிப்போடலாம். 2024 ஜூலையில் பெரில் சூறாவளி வந்தபோது கிரெனடா அந்த விதியைப் பயன்படுத்தியது. தள்ளுபடி கிடையாது, கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துவிடும்.