எழுப்ப யார் வருவார்கள்?

வணக்கம் மக்களே. பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செத்தவர் உடம்பை உறைய வைத்துப் பின்னாளில் எழுப்ப முடியுமா என்பது விஞ்ஞானிகள் பாடு. என் கேள்வி வேறு. முடிந்தாலும், எழுப்புவார்களா?

ஜேம்ஸ் பெட்ஃபோர்ட், கலிபோர்னியாவில் உளவியல் பேராசிரியர். 1967 ஜனவரி 12 அன்று புற்றுநோயில் இறந்தார், வயது 73. இப்படி உறைய வைத்துப் பாதுகாக்கப்பட்ட முதல் மனிதர் அவர்தான். இப்போது அரிசோனாவில், இப்படி உடல்களைப் பாதுகாக்கும் ஆல்கார் நிறுவனத்தில், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் தொட்டியில் இருக்கிறார். ஆள் உயரத்தைத் தாண்டிய தெர்மாஸ் பிளாஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்டே வேண்டாம், நைட்ரஜனை மட்டும் அவ்வப்போது நிரப்ப வேண்டும். உள்ளே ஆட்களைத் தலைகீழாக நிறுத்துவார்கள். கசிந்தால் கால் முதலில் உருகட்டும், தலை தப்பட்டும் என்ற கணக்கு! 1991-இல் தொட்டி மாற்றும்போது அவரைப் பார்த்திருக்கிறார்கள். கண் பாதி திறந்திருந்தது, கருவிழி பனி பிடித்து வெளுத்திருந்தது.

சரி, இவரை யாருக்கு வேண்டும்? என் ஓட்டன் பெயரே எனக்குத் தெரியாது. நாளைக்கு அவர் வாசலில் வந்து நின்றால் காபி கொடுப்பேன், அதற்கு மேல்?

இந்தத் துறையில் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: கடைசியாக வந்தவர் முதலில் எழுவார். அவரை உறைய வைத்த முறை தேறியிருக்கும், உயிரோடு இருக்கும் பேரப்பிள்ளைகளும் கேட்பார்கள். எழுந்தவர் தன் அம்மாவை எழுப்பச் சொல்வார், அம்மா தன் அப்பாவை. ரேஷன் கடை வரிசையைத் திருப்பிப் போட்ட மாதிரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே கலிபோர்னியாவில், சாட்ஸ்வொர்த் கல்லறையில் இப்படி உறைய வைத்த ஒன்பது உடல்கள் இருந்தன. உறவினர் சிலர் பணம் கட்டுவதை நிறுத்தினார்கள், நடத்தியவரும் கைவிட்டார், 1970-களிலேயே எல்லாம் உருகிப்போயின. வருங்காலம் வந்து 'வேண்டாம்' என்று சொல்லும்வரை யாரும் காத்திருக்கவில்லை. பெட்ஃபோர்ட் தப்பியதற்குக் காரணம், 1982 வரை அவர் குடும்பமே அவரைப் பார்த்துக்கொண்டதுதான்.

அவர் இந்த ஆராய்ச்சிக்கென்று ஒரு லட்சம் டாலர் எழுதி வைத்திருந்தார். மற்ற உறவினர்கள் உயிலை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக, மனைவியும் மகனும் அதைவிட அதிகமாக வழக்குக்கே செலவழித்தார்கள். மனுஷன் எழுந்ததும் அந்தப் பணத்தைத்தான் முதலில் விசாரிப்பார். வக்கீல் ஃபீஸ் என்று யார் போய்ச் சொல்வது?