கட்டைவிரல் தடம்

வணக்கம் நேயர்களே.

அப்பா போய் நான்கு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் நடக்கப் போனவன், மரத்தடியில் குனிந்து இலை பொறுக்க ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் இல்லை. பச்சை, வெளிர்மஞ்சள், துருவேறிய மாதிரி ஒரு பழுப்பு. நிறம் பிரித்துத் தரையில் வட்டமாக அடுக்கினேன். முடிக்கப் போகும்போது காற்று வந்து பாதியை வாரிக்கொண்டு போனது. அப்படி ஒரு கோபம் வந்தது. இலை பறந்ததற்கா இத்தனை கோபம்? அப்பா போனபிறகு அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன்.

ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி என்று ஒரு கலைஞர் இருக்கிறார். 1956இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இலைகளை முள்ளால் தைப்பார். பனிக்கட்டித் துண்டுகளை உறையவைத்தே ஒட்டுவார். வெயில் வந்தால் உருகிவிடும் என்று தெரிந்துதான் செய்வார். புகைப்படம் மட்டும் மிஞ்சும். துக்கத்துக்கு மருந்தாக அவர் இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. கலையப்போவது என்று தெரிந்தும் ஒருவர் இவ்வளவு பொறுமையாகச் செய்கிறாரே, அதுதான் என்னை உட்காரவைத்தது.

மார்கரெட் ஸ்ட்ரூபே, ஹெங்க் ஷுட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1999இல் ஒரு கருத்தை எழுதினார்கள். துக்கப்படுகிற மனம் ஒரே திசையில் போவதில்லை. இழப்பைப் பார்ப்பதும், அதைவிட்டு அன்றாடத்துக்குத் திரும்புவதுமாக ஊசலாடும், அந்த ஊசலாட்டம் தேவையானது என்றார்கள். இலை அடுக்கும்போது எனக்கு நடந்தது அதுதான். பத்து நிமிடம் அப்பாவின் நினைப்பு, அடுத்த பத்து நிமிடம் இந்தக் காம்பு நீளமா அந்தக் காம்பு நீளமா என்ற கவலை.

ஒருமுறை கூழாங்கற்களால் அப்பாவின் முகத்தைச் செய்துபார்த்தேன். யார் சாயலும் இல்லாத ஒரு முகம் வந்தது. அந்த முயற்சியை நீங்கள் தாராளமாகத் தவிர்க்கலாம்.

அப்புறம் களிமண்ணுக்கு வந்தேன். உருண்டை பிடித்து, நடுவில் கட்டைவிரலை அழுத்தி, சுற்றிச் சுற்றிக் கிள்ளிக்கொண்டே வந்தால் சின்னக் கிண்ணம் கிடைக்கும். விளிம்பு மெலிசாகவும் அடி தடிமனாகவும் இருந்தால் ஒன்று முந்திக் காயும், மற்றது பிந்தும், விரிசல் விட்டுவிடும். என் முதல் மூன்று கிண்ணங்களும் அப்படித்தான் போயின. அவற்றைத் தண்ணீரில் போட்டேன். ஒரு விஷயம் கவனித்தேன்: நன்றாகக் காய்ந்த மண் சட்டென்று உதிர்ந்து கரைகிறது, ஈரம் இருக்கிற மண்தான் வெகுநேரம் அப்படியே கிடக்கிறது. கரைந்ததைப் பிசைந்து மறுபடி உருண்டை பிடித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். தூக்கமும் சாப்பாடும் நாள்கணக்கில் இல்லாமல் போனால், இலையும் மண்ணும் போதாது. மருத்துவரைப் பாருங்கள்.

நான்காவது கிண்ணம் விரிசல் விடாமல் காய்ந்தது. சுடவில்லை. மழையில் வைத்துக் கரையவிடுவதாக இருந்தேன், அக்கா விடவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சரி, அவளுக்கும் அப்பாதானே. உள்பக்கத்தில் என் விரல் பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கும் இதே மாதிரி அகலக் கட்டைவிரல்டா" என்றாள். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை.